கொங்கூஸோ: முறுமுறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

புதிய ஏற்பாட்டில் 'முறுமுறுத்தார்கள்' என்று நாம் படிக்கும்போது, அதன் பின்னால் பெரும்பாலும் ஒரே கிரேக்கச் சொற்குடும்பம்தான் இருக்கிறது. வினைச்சொல் கொங்கூஸோ, 8 முறை வருகிறது. பெயர்ச்சொல் கொங்குஸ்மோஸ், 4 முறை. முறுமுறுக்கிற ஆளைக் குறிக்கும் கொங்குஸ்தேஸ், யூதாவின் நிருபத்தில் ஒரே ஒரு முறை. முன்னொட்டுச் சேர்ந்த தியாகொங்கூஸோ, லூக்காவில் 2 முறை. ஆக மொத்தம் 15. ஒரே மாலையில் எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துவிடலாம். அப்படிப் படித்தவர்கள், எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யுங்கள் என்கிற பிலிப்பியர் 2:14-ஐ எடுத்துக்கொண்டு எந்தக் கேள்வியையும் அடக்க முயல மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

முதலில் உச்சரிப்பு. கிரேக்கத்தில் 'காமா' எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் முதலாவது மூக்கொலியாகிவிடும். எழுத்தைப் பார்த்து 'கொக்கூஸோ' என்று வாசிப்பது பிழை. தமிழர்களுக்கு இது எளிது. நம் 'ங்க' அப்படியே பொருந்துகிறது. முதல் ககரத்தை மட்டும் 'கோவிந்தன்' என்று சொல்லும்போது வருவதுபோல மென்மையாக ஒலிக்க வேண்டும்.

இது ஒலிக்குறிப்புச் சொல். அடித்தொண்டையில் ஒரே அசையைத் திரும்பத் திரும்ப உருட்டினால் என்ன கேட்குமோ அதுதான் சொல்லாகியிருக்கிறது. 'முறுமுறு', 'முணுமுணு' என்ற நம் இரட்டைக்கிளவிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா" என்கிறது தொல்காப்பியம். 'முறு' தனியே நின்றால் இந்தப் பொருள் வராது. பவர் ஐயரின் குழு 1871-ல் முடித்த தமிழ் வேதாகமத் திருப்புதல் 'முறுமுறு'வை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் 'முணுமுணு'வை விரும்புகிறது. இரண்டுமே நல்ல தேர்வுகள். ஆனால் 'முணுமுணு'வில் குரல் தாழ்வு மட்டும் தெரிகிறது, 'முறுமுறு'வில் அதிருப்தியும் சேர்ந்து உறுமுகிறது. கிரேக்கச் சொல்லுக்கு எது நெருக்கம் என்பது இடத்துக்கு இடம் மாறும். யோவான் 7-ல் அதைப் பார்ப்போம்.

புறா குமுறும் ஒலிக்கும் இச்சொல் வழங்கியதாகப் பழைய சொல்லாசிரியர் பொல்லுக்ஸ் குறித்திருக்கிறார். உடனே பிரசங்கத்தில் புறாவைப் பறக்கவிட வேண்டாம். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, எழுதியவர் அதை எந்தப் பொருளில் எடுத்தார் என்பது வேறு. மத்தேயுவின் கூலியாட்கள் யாருடைய மனதிலும் புறாவைக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். கி.பி. 2-ம் நூற்றாண்டு இலக்கணக்காரர் பிரினிக்கஸின் குறிப்பு இன்னும் பயனுள்ளது. இச்சொல் தவறானதல்ல, ஆனால் அயோனியப் பகுதிக்கு உரியது, ஆதென்ஸ் நடைக்கு வேறு சொல் இருக்கிறது என்று அவர் எழுதினார். மெருகேறிய ஏட்டுநடை ஒதுக்கிவைத்த சொல் என்று இதிலிருந்து தெரிகிறது.

சாதாரண மக்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு எகிப்தின் பாப்பிரஸ்கள், அதாவது நாணல் தாள் ஏடுகள், சான்று. பிளிண்டர்ஸ் பீட்ரியின் பெயரால் வழங்கும் தொகுப்பில், கி.மு. 241–239 காலத்துக் கடிதம் ஒன்றில், பொதுவேலையில் இருந்த ஆட்கள் "தங்களுக்கு அநியாயம் நடக்கிறதென்று சொல்லி முறுமுறுக்கிறார்கள்" என்று வருகிறது. வினைச்சொல் கொங்கூஸோ. அநியாயம் நடக்கிறது என்பதற்கு அங்கே இருக்கும் வினை அதிகேயோ.

இப்போது மத்தேயு 20-ஐத் திறந்து பாருங்கள். விடியற்காலையில் வந்தவர்களுக்கும் ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவர்களுக்கும் ஒரே பணம். முதல் ஆட்கள் முறுமுறுத்தார்கள் (வ. 11, தமிழில் இச்சொல் 12-ம் வசனத்தின் முடிவில் நிற்கிறது). எஜமான் சொன்ன பதில்: "சிநேகிதனே, நான் உனக்கு அநியாயஞ்செய்யவில்லை." அங்கும் அதே அதிகேயோ. கூலி, முறுமுறுப்பு, அநியாயம் ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் கிடக்கும் தொழிலாளர் பேச்சு அது; உவமையைக் கேட்டவர்கள் அதை அன்றாடம் காதால் கேட்டிருப்பார்கள். அவர்கள் சொன்ன கணக்கு பொய்யல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பகல் முழுக்க வெயிலில் நின்றார்கள், உண்மைதான். ஒப்பந்தம் மீறப்படவில்லை என்பதே எஜமானின் வாதம்.

ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ்களின் முதல் தொகுதியில் 33-ம் எண்ணில் இன்னொரு காட்சி இருக்கிறது. அப்பியானு என்ற அலெக்சாந்திரியா பிரமுகரைக் கொலைத் தண்டனைக்கு அழைத்துப்போகிறார்கள். ஒரு வீரன் ஓடிவந்து பேரரசரிடம், "நீர் உட்கார்ந்திருக்கிறீர், ரோமர் முறுமுறுக்கிறார்கள்" என்கிறான். எதைக்குறித்து என்று அவர் கேட்கிறார். இச்சொல்லின் எடை இதில் தெரியும். தனி ஆளின் சலிப்பாக இருந்தால் பேரரசர் கவலைப்பட மாட்டார். கூட்டத்தின் அடியில் ஓடும் ஒலி, இன்னும் கூச்சலாகாதது, ஆனால் எந்த நொடியிலும் ஆகக்கூடியது, அதனால்தான் கேட்கிறார்.

இனி, எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலர் அலைந்த வனாந்தரத்துக்குப் போக வேண்டும். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களுக்கு இச்சொல்லின் நிறத்தைக் கொடுத்தது எழுபதின்மர் என்னும் கிரேக்கப் பழைய ஏற்பாடு. யாத்திராகமம் 15, 16, 17 அதிகாரங்களிலும் எண்ணாகமம் 14, 16, 17 அதிகாரங்களிலும் எபிரெயத்தில் 'லூன்' என்ற வினை வருகிறது. அதற்கு எழுபதின்மர் கொங்கூஸோவையும் தியாகொங்கூஸோவையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எண்ணாகமம் 14-ஐ மட்டும் எடுத்தால் 2-ம் வசனத்தில் முன்னொட்டு உண்டு, 27-ல் இல்லை, 36-ல் மறுபடி உண்டு. ஆகவே 'தியா' சேர்ந்தால் முறுமுறுப்பு இரட்டிப்பாகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. கூட்டத்துக்குள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பரவுகிறது என்ற சாயல் இருக்கலாம், அவ்வளவுதான்.

'லூன்' என்ற அதே எழுத்துகளுக்கு எபிரெயத்தில் 'இராத்தங்குதல்' என்ற பொருளும் உண்டு. வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஓர் எண் கொடுக்கும் ஸ்ட்ராங் அகராதி இரண்டையும் 3885 என்ற ஒரே எண்ணுக்குள் வைத்திருக்கிறது. எண்ணை மட்டும் நம்பித் தேடினால், லோத்தின் வீட்டில் தங்கியவர்களும் மோசேக்கு விரோதமாய் முறுமுறுத்தவர்களும் ஒரே பட்டியலில் வந்து விழுவார்கள். 'முறுமுறுப்பவன் தன் குறையோடு இராத்தங்குகிறான்' என்று இதைவைத்து ஒரு பிரசங்கக் குறிப்பு செய்துவிட ஆசை எழும். கேட்க அழகாக இருக்கும், ஆதாரம் இல்லை. சங்கீதம் 59:15 மட்டும் உண்மையிலேயே இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. இரை தேடி அலையும் நாய்கள் வயிறு நிறையாமல் என்ன செய்கின்றன? எபிரெய உயிர்க்குறிகளின்படி இராத்தங்குகின்றன. எழுபதின்மர் 'முறுமுறுக்கும்' என்று எடுத்தார்கள், நம் பழைய திருப்புதலும் அப்படியே.

இன்னொரு எபிரெய வினை 'ராகன்'. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் என் பார்வையில் இச்சொற்குடும்பத்தின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. உபாகமம் 1:27, சங்கீதம் 106:25 இரண்டிலும் ஜனங்கள் "கூடாரங்களில்" முறுமுறுத்தார்கள். கானானுக்குப் போன வேவுகாரர் திரும்பி வந்தபோது நடந்தது அது. வெளியில் நின்று கேட்டிருக்கலாம், கூடாரத்துக்குள் போய்ப் பேசினார்கள். அதே வேரிலிருந்து வரும் 'நிர்கான்' நீதிமொழிகள் 16:28-ல் "கோள்சொல்லுகிறவன்" ஆகிறான். முறுமுறுப்புக்கும் கோளுக்கும் எபிரெயத்தில் வேர் ஒன்று. இரண்டிலும் பேச்சு, போய்ச் சேரவேண்டிய ஆளை விட்டு விலகிப் பக்கவாட்டில் போகிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு லூக்காவுக்குப் போனால் மூன்று காட்சிகளும் பளிச்சென்று விளங்கும். 5:30-ல் லேவியின் விருந்து. இயேசுவைப் பற்றிய மனத்தாங்கல், ஆனால் கேட்பது சீஷரிடம். 15:2-ல் "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்". 19:7-ல் சகேயுவின் வீடு: "இவர் பாவியான மனுஷனிடத்தில் தங்கும்படி போனார்". இயேசுவை நோக்கி 'நீர்' என்று ஒருவரும் சொல்லவில்லை; கடைசி இரண்டிலும் 'இவர்' என்றே பேசுகிறார்கள். மூன்று இடத்திலும் வினை தொடர்ந்து நடப்பதைக் காட்டும் இறந்தகால வடிவில் இருக்கிறது; 'முறுமுறுத்துக்கொண்டிருந்தார்கள்' என்று விரித்துச் சொல்லலாம். லூக்காவின் சுவிசேஷத்தில் இச்சொல் வருகிற எல்லா இடத்திலும் பந்தியோ விருந்தோ இருக்கிறது என்பதும் தற்செயல் அல்ல. யாத்திராகமத்தில் தண்ணீரும் அப்பமும், மத்தேயுவில் அன்றன்றைய கூலி, யோவான் 6-ல் அப்பம், அப்போஸ்தலர் 6-ல் விதவைகளின் உணவு, 1 பேதுருவில் உபசரிப்பு. யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, யார் யாரோடு உட்காருகிறார்கள் என்ற இடத்தில்தான் இந்தச் சொல் திரும்பத் திரும்ப முளைக்கிறது.

வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த அப்பமாகிய மன்னாவை யோவான் 6 நேரடியாகவே குறிப்பிடுகிறது (வ. 31). "நான் வானத்திலிருந்து வந்த அப்பம்" என்று இயேசு சொன்னதும் அவரைக்குறித்து முறுமுறுத்தார்கள் (வ. 41). "உங்களுக்குள்ளே முறுமுறுக்கவேண்டாம்" என்கிறார் (வ. 43). கிரேக்கத்தில் 'ஒருவரோடொருவர்' என்று தெளிவாக இருக்கிறது. 61-ல் முறுமுறுப்பவர்கள் சீஷர்களே. யாத்திராகமம் 16-ஐத் தெரிந்த வாசகனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்த அதிகாரத்தில் சொல் நிறம் மாறுகிறது. 7:12-ல் ஜனங்களுக்குள்ளே அவரைக்குறித்து முறுமுறுப்பு உண்டாயிற்று; "சிலர் அவர் நல்லவர் என்று சொல்லிக்கொண்டார்கள்." நல்லவர் என்று சொல்வது எப்படி முறுமுறுப்பாகும்? 13-ம் வசனம் காரணம் சொல்கிறது: பயத்தினால் ஒருவரும் தாராளமாய்ப் பேசவில்லை. இங்கே அதிருப்தி கழன்றுவிட்டது, தாழ்ந்த குரல் மட்டும் மிச்சம். 'காதும் காதும் வைத்தாற்போல் பேச்சு' என்று இவ்விடத்தில் திருப்பினால் பொருந்தும். எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட வேண்டும் என்ற பிடிவாதம் 7:12-ல் வாசகனைத் தடுமாறவைக்கிறது.

மனக்குறையைச் சொல்வதே பாவமா என்ற கேள்விக்கு எண்ணாகமம் 11 பதில் தருகிறது. முதல் வசனத்தில் ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள், எழுபதின்மரில் கொங்கூஸோ. அக்கினி பற்றியெரிகிறது. அதே அதிகாரம் 11 முதல் 15 வரை மோசே பேசுவதைப் படியுங்கள். இந்த ஜனத்தையெல்லாம் நானா பெற்றேன், என்னால் சுமக்க முடியாது, இதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். சொற்களின் காரம் ஜனங்களுடையதைவிட அதிகம். அதற்கு வேதம் முறுமுறுப்பு என்று பெயர் வைக்கவில்லை. கர்த்தர் 70 மூப்பரைத் துணைக்குக் கொடுக்கிறார். சங்கீதம் 13, 22, 88 ஆகிய புலம்பல்களிலும் எழுபதின்மர் இச்சொல்லைப் போடவில்லை. மோசேயும் சங்கீதக்காரரும் தேவனை நோக்கியே பேசினார்கள். ஜனங்கள் மோசேயிடம் பேசினார்கள், குறையோ வேறிடத்தில்: "உங்கள் முறுமுறுப்புகள் எங்களுக்கு அல்ல, கர்த்தருக்கே விரோதமாய் இருக்கிறது" (யாத். 16:8). மத்தேயு 20 இந்த அளவுகோலுக்குச் சரியாக அடங்காது என்பதை மறைக்கக்கூடாது. அங்கே கூலியாட்கள் எஜமானிடமே "சமமாக்கினீரே" என்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கிடைப்பது அக்கினி அல்ல, விளக்கம்.

அப்போஸ்தலர் 6:1 பிரசங்கங்களில் அதிகம் தொடப்படாத இடம். கிரேக்க மொழி பேசும் யூதச் சீஷரின் விதவைகளுக்கு அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பகிர்வில், பங்கு சரியாகக் கிடைக்கவில்லை. 'எபிரெயருக்கு விரோதமாய்' கொங்குஸ்மோஸ் எழும்புகிறது. பன்னிருவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை, வனாந்தரத்தை நினைவூட்டவும் இல்லை. சபையைக் கூட்டினார்கள், நற்சாட்சி பெற்ற ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தத் தரப்பு முறுமுறுத்ததோ, அந்தத் தரப்பின் மொழிப் பெயர்களைக் கொண்டவர்களிடமே பந்தி விசாரணை போனது. சபைக் கணக்கைப் பற்றி யாராவது வாய் திறந்தால் "முறுமுறுக்காதே" என்று வசனம் காட்டுகிறவர்கள் இந்த அதிகாரத்தை முதலில் படிக்க வேண்டும். பக்கவாட்டில் போன பேச்சை அப்போஸ்தலர்கள் சபை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். முறுமுறுப்பு அங்கே நின்றது.

பிலிப்பியர் 2:14-ல் கொங்குஸ்மோஸ் பன்மையில் இருக்கிறது, கூடவே தியாலொகிஸ்மோஸ், நம் திருப்புதலில் "தர்க்கிப்பு". அடுத்த வசனத்தின் "கோணலும் மாறுபாடுமான சந்ததி" உபாகமம் 32:5-ன் எதிரொலி. ஆகவே பவுலின் மனதில் வனாந்தரம் இருந்தது உறுதி. 1 கொரிந்தியர் 10:10 அதை வெளிப்படையாகவே சொல்கிறது: "அவர்களில் சிலர் முறுமுறுத்து, சங்காரக்காரனாலே அழிக்கப்பட்டார்கள்." எண்ணாகமம் 14-ஆ, மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் சம்பவத்துக்கு மறுநாள் 14,700 பேர் மாண்ட 16-ஆ என்று உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். 16:41-ஐக் கிரேக்கத்தில் தேடுகிறவர்கள் 17:6-ல் தேட வேண்டும். எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் அதிகாரப் பிரிப்பு அங்கே மாறுகிறது. பலர் வசனம் காணவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

யூதா 16-ல் கொங்குஸ்தேஸுக்குப் பக்கத்தில் மெம்ப்சிமொய்ரோஸ் என்ற சொல் நிற்கிறது: தனக்கு வாய்த்த பங்கைக் குறைசொல்கிறவன். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் வரைந்த மனிதக் குணச் சித்திரங்களில் இவனுக்குத் தனி இடம் உண்டு. வழியில் பணப்பை கிடைத்தால், "புதையல் ஒருநாளும் கிடைக்கவில்லையே" என்பான். நண்பன் விருந்திலிருந்து பங்கு அனுப்பினால், "நேரில் அழைக்க மனமில்லை" என்பான். யூதா எழுதியது இப்படிப்பட்டவர்களைப் பற்றி. விதவைக்குச் சோறு கேட்டவர்களைப் பற்றி அல்ல.

அந்த மெம்ப்சிமொய்ரோஸைத்தான் பழைய திருப்புதல் "முறையிடுகிறவர்கள்" என்கிறது. தமிழ் வாசகன் இங்கே இடறுவான். அரசனிடமும் அதிகாரியிடமும் நியாயம் கேட்பதே நம் பேச்சில் முறையிடுதல். யாக்கோபு 5:9-ன் "முறையிடாதிருங்கள்" என்பதற்குப் பின்னால் இருப்பதோ ஸ்தெனாஸோ, பெருமூச்சு விடுதல். மாற்கு 7:34-ல் இயேசு வானத்தை அண்ணாந்துபார்த்துச் செய்தது அதே வினை. எண்ணாகமம் 11:1-லும் தமிழ் "முறையிட்டு" என்கிறது, கிரேக்கம் கொங்கூஸோ. எதிர்ப்பக்கமும் உண்டு. மாற்கு 14:5-ல் பரிமளதைலம் ஊற்றிய பெண்ணைக்குறித்து "முறுமுறுத்தார்கள்" என்று படிக்கிறோம். அங்கே கொங்கூஸோ கிடையாது. எம்பிரிமாவோமாய் என்ற வேறு வினை, சீறிக் கடிந்துகொள்வது, குதிரை மூக்கால் சீறுவதற்கும் வழங்கிய சொல். அவள் முகத்துக்கு நேராகவே சீறினார்கள். நம் திருப்புதலில் அந்தக் காட்சி மெலிந்துபோயிருக்கிறது.

ஆகவே தமிழ் ஒத்தவாக்கியத்தில், அதாவது வேதாகமச் சொல்லடைவில், 'முறுமுறு' என்று தேடி நிறுத்தினால் போதாது. ஸ்ட்ராங் எண்களோடு வரும் செயலியைத் திறந்து 1111, 1112, 1113, 1234 ஆகிய நான்கு கிரேக்க எண்களையும் தேடுங்கள். 15 இடங்களும் வரும்; 1 கொரிந்தியர் 10:10-ல் இரண்டு இருப்பதால் வசனங்கள் 14. ஒவ்வொன்றிலும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யாரைப்பற்றிப் பேசுகிறார். கடைசி இரண்டும் வேறு வேறு ஆளாக இருக்கிறதா என்று பாருங்கள். 1690-ஐயும் (எம்பிரிமாவோமாய்) 4727-ஐயும் (ஸ்தெனாஸோ) தனியாகத் தேடி, அவை இந்தக் குடும்பத்தோடு கலக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் 1 பேதுரு 4:9 சின்னதாகக் கடைசிப் பக்கம் நிற்கும்: "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்." அந்நாளில் ஊர்விட்டு ஊர் வரும் விசுவாசிகள் சத்திரத்தில் தங்குவதில்லை, வீடுகளில் தங்கினார்கள். ஒருநாள் என்று வந்தவர் ஒருவாரம் தங்கலாம், மாவுப் பானை காலியாகலாம். விருந்தாளியிடம் முகம் சிரித்தபடி இருக்கும். பேச்சு அடுப்படியில் நடக்கும். பேதுரு கொங்குஸ்மோஸ் என்று எழுதியது அந்த அடுப்படிப் பேச்சுக்கு.